நிதி கேட்கப் போன கதை

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் பத்தாவது வரைக்கும் படித்தவள். மேடையில் பேசிப் பழக்கம் இல்லை. "மானியம், நன்கொடை எல்லாம் எங்கே போய் எப்படிக் கேட்பது என்று நீ பேசு" என்று தலைவி அக்கா சொன்னபோது, "வேற யாரையாவது பேசச் சொல்லுங்க அக்கா, நானே ஏமாந்தவளாச்சே" என்றேன். "அதனாலதான் உன்னைச் சொல்றேன்" என்று முடித்துவிட்டார்கள். அதனால் ஏமாந்த கதையிலிருந்தே ஆரம்பிக்கிறேன். இங்கே இருக்கிற பாதிப் பேருக்கு அது தெரியும். மீதிப் பேருக்கும் தெரியட்டும்.

2018 நவம்பர் 16 யாருக்கும் மறக்காது. கஜா புயல் அடித்த ராத்திரி. விடிந்து பார்த்தால் எங்கள் ஆலங்குடிப் பக்கத்தில் தென்னை, பலா எல்லாம் வேரோடு சாய்ந்து கிடந்தது. வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. எங்கள் ஊர் டி.வி. ரூம் கூரை பறந்து அடுத்த தெருவில் விழுந்தது. அந்த டி.வி. ரூமில்தான் நம் கூட்டமைப்புக் கூட்டமும் நடக்கும், சாயங்காலம் பிள்ளைகளுக்குப் படிப்பும் நடக்கும். அதுவும் போச்சு.

அந்தச் சமயம் யார் யாரோ வந்தார்கள். அரிசி கொடுத்தார்கள், தார்ப்பாய் கொடுத்தார்கள், மெழுகுவத்தி கொடுத்தார்கள். நல்லவர்கள்தான். அவர்களுக்குப் பின்னாடியே, 2019 தை மாதம் ஒரு ஆள் வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் ஃபைல். வெளிநாட்டு டிரஸ்ட் ஒன்று புயலில் பாதிக்கப்பட்ட பெண்களுக்கு ஆளுக்கு ஒரு லட்சம் கொடுக்கிறது, அதில் பாதி திருப்பிக் கட்ட வேண்டாம், பதிவுக் கட்டணம் 500 ரூபாய் மட்டும் என்றார். நான் அப்போது என் குழுவில் ஊக்குநர். எழுதப் படிக்கத் தெரிந்தவள் என்று என்னை நம்பி மூன்று குழுவிலிருந்து 38 பேர் பணம் கொடுத்தார்கள். 19,000 ரூபாய். நான்தான் வாங்கி எண்ணி அவர் கையில் கொடுத்தேன். ரசீது கூட கொடுத்தார். மாசி பிறக்கும்போது அந்த போன் நம்பர் வேலை செய்யவில்லை.

மனு கொடுத்தோம். ஆள் கிடைக்கவில்லை. என் வீட்டுக்காரர் கொத்து வேலை செய்கிறவர். அவர் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை, அதுதான் எனக்குப் பெரிய கஷ்டமாக இருந்தது. இரண்டு ஆட்டை விற்று 11,000 வந்தது. மீதி 8,000-த்தைக் கூலி வேலைக்குப் போய் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து முடிக்க 14 மாதம் ஆச்சு. எல்லாரும் வாங்கிக்கொண்டு மறந்துவிட்டார்கள். ஒரு அக்கா மட்டும் பணத்தை வாங்கிக்கிட்டு குழுவை விட்டுப் போய்விட்டார்கள். இன்றுவரை என்னோடு பேச்சு இல்லை.

இப்போது தெரிந்த ஒரு விஷயம் அன்றைக்குத் தெரிந்திருந்தால் அந்த ஆளை வாசலிலேயே திருப்பி அனுப்பியிருப்பேன். வெளிநாட்டு நன்கொடை வாங்க வேண்டுமென்றால் ஒரு அமைப்புக்கு மத்திய அரசின் உள்துறையில் எஃப்.சி.ஆர்.ஏ. என்ற அனுமதி இருக்க வேண்டும். 2020-ல் சட்டத்தைத் திருத்திய பிறகு, அந்தப் பணம் டெல்லியில் ஸ்டேட் பேங்க் முதன்மைக் கிளையில் திறந்த கணக்குக்குத்தான் முதலில் வர வேண்டும். அந்த அனுமதியோடு வாங்கிய பணத்தை இன்னொரு அமைப்புக்குக் கைமாற்றவும் கூடாது. இவ்வளவு கெடுபிடி உள்ள பணம் நம்ம தெரு திண்ணையில் 500 ரூபாய்க்குக் கிடைக்குமா? கொடுக்கிறவன் நம்மிடம் முன்பணம் கேட்டால் அவன் கொடுக்க வந்தவன் இல்லை. போன் வழியாகப் பணம் போயிருந்தால் உடனே 1930 என்ற எண்ணுக்குக் கூப்பிடுங்க. எவ்வளவு சீக்கிரம் கூப்பிடுறோமோ அவ்வளவு நல்லது.

சரி, இனிமேல் கிடைத்த கதை.

கொரோனா முடிந்த பிறகு பிள்ளைகள் படிப்பு ரொம்ப மோசமாகப் போய்விட்டது. ஐந்தாவது படிக்கிற பிள்ளைக்கு தமிழ் எழுத்துக் கூட்டத் தெரியவில்லை. நம் பெண்கள் வேலை முடிந்து வீடு வரவே இருட்டிவிடும். மறுபடி சாயங்காலப் படிப்பு ஆரம்பிக்கணும், அதற்கு டி.வி. ரூம் இருக்கிற இடத்தில் ஒரு நல்ல கட்டடம் வேணும் என்று கூட்டமைப்பில் பேச்சு வந்தது. "யாராவது கொடுப்பாங்களா பாரு" என்று என்னிடமே விட்டார்கள். பயமாக இருந்தது. ஆனாலும் மறுபடி என்னை நம்பினார்களே என்று ஒத்துக்கொண்டேன்.

முதல் வேலையாக மகளிர் திட்ட அலுவலகம் போனேன். அங்கே மேடம் ஒரு கேள்வி கேட்டார்கள். "உங்க கூட்டமைப்புக்கு ஏற்கெனவே வந்த நிதி என்னென்ன, அது இப்ப எங்கே இருக்கு?" எனக்குப் பதில் தெரியவில்லை. திரும்பி வந்து கணக்குப் புத்தகத்தை எடுத்து உட்கார்ந்தோம். சுழல் நிதி குழுவுக்கு வந்தது. சமுதாய முதலீட்டு நிதி கூட்டமைப்பு வழியாக வந்தது. நலிவு நிலைக் குறைப்பு நிதி என்று ஒன்று, வீட்டில் சாவு, ஆஸ்பத்திரி, சாப்பாட்டுக்கே வழியில்லை என்று வருகிறவர்களுக்கு உடனே கொடுப்பதற்காக. நம்மில் பல பேர் இதெல்லாம் அரசாங்கம் சும்மா கொடுத்தது, பங்கு போட்டுக்கலாம் என்று நினைக்கிறோம். சுழல் நிதி என்றால் பேரிலேயே இருக்கிறது, அது சுற்றிக்கொண்டே இருக்கணும். ஒரு குழுவில் அதைப் பங்கு போட்டு தீபாவளிக்குச் சேலை எடுத்தார்கள், பேர் சொல்லவில்லை, சிரிக்கிறவங்களுக்குத் தெரியும். அந்தக் குழு பிறகு வங்கியில் கடன் கேட்டபோது மேனேஜர் முதலில் கேட்டது அந்தக் கணக்கைத்தான்.

கட்டடத்துக்கு வழி சொன்னது அந்த மேடம்தான். "நமக்கு நாமே" திட்டம். 1997-ல் வந்த பழைய திட்டம், நடுவில் தன்னிறைவுத் திட்டம் என்று பேர் மாறி, 2021-க்குப் பிறகு மறுபடி பழைய பேரிலேயே நடக்கிறது. ஊர் மக்கள் மூன்றில் ஒரு பங்கு கட்டினால் மீதியை அரசு போடும். ஆதிதிராவிடர் குடியிருப்பு என்றால் ஐந்தில் ஒரு பங்கு போதும். பணம் கையில் வராது, வேலையாக வரும்.

இதற்குக் கிராம சபையில் தீர்மானம் போட்டுக்கொண்டு போனால் பேச்சு எடுபடும் என்றார்கள். கிராம சபை என்றால் ஆம்பளைங்க நாலு பேர் கையெழுத்துப் போட்டு முடிப்பது என்றுதான் எங்கள் ஊரில் பழக்கம். 2022 ஆகஸ்ட் 15 அன்று நாங்கள் 60 பெண்கள் போய் உட்கார்ந்தோம். நாற்காலி பத்தவில்லை, தரையில் உட்கார்ந்தோம். தீர்மானத்தை நாங்களே எழுதி எடுத்துப் போயிருந்தோம். வாசித்து, தீர்மானப் புத்தகத்தில் ஏறியதைப் பார்த்த பிறகுதான் எழுந்தோம். அந்த வாரமே நகல் வாங்கி, திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனுவோடு சேர்த்துக் கொடுத்தோம்.

யூனியனிலிருந்து வந்து அளந்து நாலரை லட்சம் என்று எஸ்டிமேட் போட்டார்கள். எங்கள் பங்கு ஒன்றரை லட்சம். மலைப்பாகத்தான் இருந்தது. 18 குழு, குழுவுக்கு 1,500 என்று 27,000. வீட்டுக்கு 200 என்று 210 வீட்டில் 42,000. சிங்கப்பூரில் வேலை பார்க்கிற எங்கள் ஊர்ப் பிள்ளைகள் 12 பேர், ஆளுக்கு 5,000 என்று 60,000. (இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கிற நம்ம பிள்ளைகள் தங்கள் சம்பாத்தியத்தில் வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடைக் கணக்கில் வராது. நான் விசாரித்துவிட்டுத்தான் வாங்கினேன், ஒரு தடவை சூடு பட்டவள்.) கோயில் திருவிழாக் கமிட்டியில் மிச்சம் இருந்த 21,000-த்தைக் கேட்டபோதுதான் சண்டை வந்தது. சாமி பணத்தைப் பள்ளிக்கூடத்துக்கா என்றார்கள். எங்கள் மாமியார்தான் எழுந்து, "அந்தச் சாமி கும்பிடப் போறதும் இந்தப் பிள்ளைங்கதானே" என்று ஒரே பேச்சில் முடித்தார்கள்.

இந்தத் தடவை ஒரு பைசா என் கையில் வாங்கவில்லை. எல்லாம் கூட்டமைப்புக் கணக்கில், மூன்று பேர் பார்க்க, ரசீதோடு. கொடுத்தவர்கள் பேரையும் தொகையையும் ரேஷன் கடைச் சுவரில் எழுதி ஒட்டினோம்.

2023-ல் கட்டடம் முடிந்தது. உள்ளே போனால் நாலு சுவரும் தரையும்தான். பெஞ்ச் இல்லை, ஃபேன் இல்லை.

அதற்குத்தான் கம்பெனியிடம் போனோம். பெரிய கம்பெனிகள் கடந்த மூன்று வருட சராசரி லாபத்தில் நூற்றுக்கு இரண்டு பங்கை ஊருக்குச் செலவு செய்ய வேண்டும் என்று 2013 கம்பெனிச் சட்டத்தில் இருக்கிறது. சி.எஸ்.ஆர். என்பார்கள். வருட லாபம் 5 கோடிக்கு மேல் இருந்தாலே அந்தக் கணக்கில் வந்துவிடும். படிப்பு, சுகாதாரம், குடிநீர், பெண்கள் முன்னேற்றம் எல்லாம் அதில் சேரும்.

நான் எழுதிய முதல் கடிதம் மூன்று பக்கம். புயல், கொரோனா, ஏழ்மை, கண்ணீர் எல்லாம் எழுதி "தாங்கள் மனமிரங்கி உதவ வேண்டும்" என்று முடித்தேன். மூன்று மாதம் பதிலே இல்லை. அந்தக் கடிதத்தை இப்போது படித்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. அதில் எத்தனை பிள்ளைகள் என்று கூட நான் எழுதவில்லை!

இரண்டாவது கடிதம் ஒரே பக்கம். 46 பிள்ளைகள், பெண் பிள்ளைகள் 27. சாயங்காலம் ஐந்தரையிலிருந்து ஏழரை வரை. அவர்களில் 19 பேருக்கு அம்மா வீடு வர ஆறரைக்கு மேல் ஆகும். தேவை 12 பெஞ்ச், 3 ஃபேன், ஒரு அலமாரி. இரண்டு கடையில் வாங்கிய விலைப் பட்டியல். கட்டடம் யாருடையது, கரண்ட் பில் யார் கட்டுவார்கள், பொருளுக்கு யார் பொறுப்பு. கூடவே தீர்மான நகல், தணிக்கை அறிக்கை.

பத்தே நாளில் போன் வந்தது. 12ஏ இருக்கா, 80ஜி இருக்கா, சி.எஸ்.ஆர்.1 எண் இருக்கா என்று கேட்டார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. முதல் இரண்டும் வருமான வரிப் பதிவு, மூன்றாவது கம்பெனி விவகாரத் துறையில் பதிவு. கம்பெனிப் பணத்தை வாங்கிச் செலவு செய்யும் அமைப்புக்கு இது மூன்றும் வேண்டும், அதே மாதிரி வேலையில் மூன்று வருட அனுபவமும் வேண்டும். நம்மிடம் ஒன்றும் இல்லை. போனை வைத்துவிடப் பார்த்தேன். அப்புறம் கேட்டேன், "சார், எங்களுக்குப் பணம் வேண்டாம். நீங்களே பெஞ்ச் வாங்கிப் போட முடியுமா?" அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "முடியும்மா" என்றார். கம்பெனி நேரடியாகவே செய்யலாம், அதற்கு நம் பதிவு தேவையில்லை. லாரியில் பெஞ்ச் வந்து இறங்கிய அன்று நான் போட்டோ எடுத்தேன், கை நடுங்கி எல்லாமே கலங்கலாக விழுந்தது.

இன்னொன்றும் சொல்லணும். எல்லாரும் பெஞ்ச் கொடுப்பார்கள், ஃபேன் கொடுப்பார்கள், அதில் பேர் எழுதுவார்கள். சொல்லிக்கொடுக்கிற பிள்ளைக்குச் சம்பளம் யாரும் கொடுக்க மாட்டார்கள். நான் எட்டு இடத்தில் கேட்டுப் பார்த்தேன். நம் மையத்தில் இரண்டு பெண்கள், டிகிரி முடித்தவர்கள், ஆளுக்கு 2,000. மாதம் 4,000 நாமே தேடணும். அதற்காகத்தான் கூட்டமைப்பில் அண்டா, குண்டான், கரண்டி எல்லாம் வாங்கி விசேஷத்துக்கு வாடகைக்கு விடுகிறோம். வைகாசி, ஆவணியில் நன்றாக ஓடும். ஆடியிலும் மார்கழியிலும் பாத்திரம் தூங்கும். அந்த மாதம் குழுவுக்கு 100 ரூபாய் என்று 1,800 சேர்த்தும் பத்தாமல், ஒரு தடவை அந்தப் பெண்களுக்கு இரண்டு மாதம் பாக்கி வைத்தோம். அதற்கு இன்னும் சரியான வழி தெரியவில்லை. யாருக்காவது யோசனை இருந்தால் சொல்லுங்க.

தொழில் செய்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஊறுகாய், முறுக்கு, கடலை மிட்டாய் போடுகிறவர்களுக்கு, மத்திய அரசின் உணவு பதப்படுத்தும் குறு நிறுவனத் திட்டத்தில் குழு உறுப்பினர் ஒருவருக்கு 40,000 வரை விதை நிதி உண்டு. தனியாக யூனிட் போட்டால் நூற்றுக்கு 35 மானியம், ஆனால் அது கடனோடு சேர்ந்தது, மானியத்துக்காகக் கடன் வாங்காதீங்க. பயிற்சி வேண்டுமென்றால் நபார்டு வங்கியின் மாவட்ட மேலாளரிடம் கேட்கலாம். 1992-ல் 500 குழுவை வங்கியோடு இணைத்துப் பார்த்தது அவர்கள்தான், நம்மை அவர்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை.

குழுவை விட்டுப் போன அக்காவைப் பற்றிச் சொன்னேன். அவர்கள் பேத்தி நம் மையத்துக்குத் தினமும் வருகிறது. ஏழரைக்கு அந்த அக்கா வந்து வேப்ப மரத்தடியில் நிற்பார்கள். உள்ளே வர மாட்டார்கள். நான் பிள்ளையை வாசல் வரை கொண்டுபோய் விடுவேன். போன வாரம், "இவ கணக்குல எப்படி?" என்று கேட்டார்கள். என்னைப் பார்த்துக் கேட்டார்களா, பிள்ளையைப் பார்த்துக் கேட்டார்களா தெரியவில்லை. நான் பதில் சொன்னேன்.

மையத்துக்குக் கழிப்பறை இல்லை. பெண் பிள்ளைகள் இருட்டில் வீட்டுக்கு ஓடி வருதுங்க. வருகிற அக்டோபர் 2 கிராம சபையில் அந்தத் தீர்மானம் வைக்கப் போகிறோம். மனு எழுதி வாசல் மேசையில் வைத்திருக்கிறேன், பேனாவும் இருக்கிறது. சாம்பார் சாதம் தயாராகிவிட்டது என்கிறார்கள். எங்கள் ஊர்க்காரங்க கையெழுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போங்க.