பொறுமை வேறு, மௌனம் வேறு



சமயத்தின் பெயரால் துன்புறுத்தப்படும்போது கிறிஸ்தவர்களாகிய நாம் செய்யவேண்டியது யாது? இது ஏட்டுக் கேள்வியன்று. 2019ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் நாள், உயிர்த்த ஞாயிறு காலையில், கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்திலும் கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் ஆலயத்திலும் மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்திலும் வெடித்த குண்டுகள் இக்கேள்வியை நம் வாசலிலே கொண்டுவந்து வைத்தன. அன்று கொழும்பு ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்தன. மாண்டோர் 250 பேருக்கு மேல். மட்டக்களப்பிலே மடிந்தவர்களுள் ஞாயிறு பாடசாலைக்கு வந்த பாலகரும் இருந்தனர்.

பழிக்குப் பழி வாங்குவோம் என்பார் சிலர். மறு கன்னத்தைக் காட்டி மௌனமாயிருப்போம் என்பார் வேறு சிலர். இவ்விரண்டும் நம் வழியல்ல. ஆண்டவர் தம்மை அறைந்த சேவகனைத் திருப்பி அடிக்கவில்லை; ஆனால் வாய்மூடியும் இருக்கவில்லை. ஏன் அறைந்தாய் என்று கேட்டார். பவுலடியாரும் தம் உரோமைக் குடியுரிமையைக் காட்டி இராயனிடம் முறையிட்டார். பொறுமை வேறு, மௌனம் வேறு.

பழிவாங்கல் யாரைச் சுடும் என்பதை அடுத்த மாதமே கண்டோம். 2019 மே மாதத்திலே வடமேல் மாகாணத்திலும் மினுவாங்கொடையிலும் கும்பல்கள் முஸ்லிம் மக்களின் பள்ளிவாசல்களையும் கடைகளையும் தாக்கின. குண்டு வைத்தவர் சிலர், அடிபட்டவரோ குற்றமறியாதவர். நீர்கொழும்பில் கலகம் மூண்டபோது, முஸ்லிம்கள்மேல் கை வைக்கவேண்டாமென்று பேராயர் மல்கம் ரஞ்சித் கர்தினால் கேட்டுக்கொண்டார். அது கோழைத்தனமன்று, அதுவே வீரம்.

நீதி கேட்கும் வழியோ வேறு. தாக்குதல் வரப்போகிறதென்ற எச்சரிக்கை முன்னரே கிடைத்திருந்தும் காப்பார் காக்கவில்லை. உற்றாரை இழந்தோரும் குருமாரும் பிறரும் உயர் நீதிமன்றத்தை நாடினர். 2023 ஜனவரி 12ஆம் நாள் அந்நீதிமன்றம், அடிப்படை உரிமைகள் மீறப்பட்டன என்று தீர்த்தது. முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன பத்துக் கோடி ரூபா நட்டஈடு செலுத்த வேண்டுமென்றும் கட்டளையிட்டது. போன உயிரைப் பணம் மீட்காது. ஆயினும், ஆட்சித் தலைவனும் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவனே என்பது நாட்டுக்கு உணர்த்தப்பட்டது. ஒரு கல்லும் எறியாமல் பெற்ற தீர்ப்பு இது!

நம் வரலாறும் ஒரு பாடம் கூறுகிறது. 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், கத்தோலிக்க வழிபாட்டைத் தடை செய்தனர். துன்புறுத்தியோரும் கிறிஸ்தவர், துன்புற்றோரும் கிறிஸ்தவர்! 1687இல் கோவையிலிருந்து, அதாவது போர்த்துக்கேயரின் கோவாவிலிருந்து, மறைவாக வந்த யோசேப்பு வாஸ் அடிகள் கண்டியிலே சிறையும் புகுந்தார். பின்னர் அவருக்கு நிழல் கொடுத்தவன் பௌத்த மன்னன் இரண்டாம் விமலதர்மசூரியன். 1697இல் கண்டியில் அம்மை நோய் பரவியபோது, அடிகள் சமயம் பாராது நோயாளரைப் பேணினார். ஆகவே, எந்தச் சமயமும் பிறவியிலேயே நமக்குப் பகையன்று.

இன்னொன்று சொல்வோம். கொரோனாக் காலத்தில், 2020 முதல் 2021 தொடக்கம் வரை, இறந்த முஸ்லிம்களின் உடல்களும் கட்டாயமாக எரிக்கப்பட்டன. அயலவனின் நம்பிக்கை மிதிபடும்போது பேசாதவன், தன் நம்பிக்கை மிதிபடும்போது துணை தேட முகமில்லாதவன். அயல் வயலின் வரம்பு உடைந்தால் வெள்ளம் நம் வயலுக்கும் வரும்; இதனை விவசாயிகளாகிய உங்களுக்கு நாம் சொல்லவேண்டியதில்லை. சட்டம் கற்றோரே, அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை மனச்சாட்சிச் சுதந்திரத்தை எல்லோருக்கும் அளிக்கிறது. அதனை எல்லோருக்காகவும் கேளுங்கள்.

கையில் கல் வேண்டாம். வாயில் பூட்டும் வேண்டாம். மன்னிப்போம், ஆனால் மறைக்கமாட்டோம். நீதி கேட்போம், நமக்கு மட்டுமன்றி நம் அயலவருக்கும் கேட்போம்.