கோல்ட் என்னும் ஒரு சொல்

பிழைப்பை நாடி வடபுலம் வந்துவிட்ட நம் இல்லங்களில், மார்கழி பிறந்துவிட்டால் ஓயாது ஒலிக்கும் ஆங்கிலச் சொல் ஒன்று உண்டு. அதுவே 'கோல்ட்'. பொன்னைக் குறிக்கும் சொல்லோ என மயங்க வேண்டா. குளிரைக் குறிப்பதையே கூறுகின்றோம்.

டில்லியில் சனவரி விடியலில் வெப்பநிலை 5 டிகிரிக்கும் கீழே இறங்குவதுண்டு. அக்குளிரும் 'கோல்ட்', மூக்கொழுகும் ஜலதோஷமும் 'கோல்ட்'. அந்நோயைப் பெரும்பாலும் விளைவிப்பவை ரைனோவைரஸ் என்னும் நுண்கிருமிகள். 1950களில் அவை கண்டறியப்பட்ட பின்னரும் பழம்பெயர் மாறவில்லை.

இவ்விரு பொருளின் மயக்கத்தால் நாங்கள் ஒருமுறை இடர்ப்பட்டோம். எங்கள் இல்லத்துச் சிறுவன் ஒரு மாலை, "கோல்டாக இருக்கிறது" என்றான். ஜலதோஷம் என்றெண்ணிச் சுக்குக் கஷாயம் கொடுத்து உறங்க வைத்தோம். நள்ளிரவில் அவன் உடல் அனலாய்க் கொதித்தது. அவன் சொன்னது காய்ச்சலுக்கு முன்வரும் நடுக்கத்தை! மருத்துவர் மலேரியா என்றார், பிள்ளை பிழைத்தான். "குளிர் நடுக்குகிறது" என்னும் தமிழ் அவன் நாவில் இருந்திருப்பின், அன்று மாலையே மருத்துவரிடம் விரைந்திருப்போம்.

இச்சொல்லுக்கு வேறு பொருள்களும் உள. அன்பற்ற வரவேற்பும் 'கோல்ட்'. பதைப்பின்றிச் செய்யும் கொலையும் 'கோல்ட்'. ஒரு திட்டத்தைக் 'கோல்ட் ஸ்டோரேஜில்' வைத்தனர் என்றால், கிடப்பில் போட்டனர் என்பதே கருத்து. அமெரிக்காவும் சோவியத் நாடும் களத்தில் நேருக்கு நேர் பொருதாமல் வளர்த்த பகைமை 'கோல்ட் வார்' எனப்பட்டது. 1991-இல் சோவியத் ஒன்றியம் கலைந்ததோடு அது முடிவுற்றது.

பனியில் வாடும் ஆங்கிலேயருக்கு வெம்மையே அன்பு. ஆதலின் குளிர்ச்சி அன்பின்மையாயிற்று. வெயிலில் வாடிய நம் முன்னோரோ மகவைக் கண் குளிரக் கண்டனர். நல்ல சொற் கேட்டு உள்ளம் குளிர்ந்தனர். அருளைத் தண்ணளி என்றனர். ஒவ்வொரு மொழியிலும் அது பிறந்த மண்ணின் தட்பவெப்பம் தங்கியிருக்கின்றது.

ஆங்கிலத்தை நம் மக்கள் நன்கு கற்கட்டும். எனினும் குளிர், நடுக்கம், சளி, தடுமன் ஆகியவற்றைத் தனித்தனியே சொல்லவும் வீட்டில் நாம் பழக்குவோம். நோயுற்ற குழந்தை தன் துன்பத்தைத் தெளிவாகக் கூறுவதற்கேனும் அச்சொற்கள் வேண்டும்.