படலையில் ஒரு விளக்கு

திருகோணமலை நகரிலிருந்து வடக்கே நிலாவெளிக்குச் செல்லும் பெருவீதி, உப்புவெளியைக் கடந்து சாம்பல்தீவை அடைகின்றது. அங்கே கடலும் களப்பும் அண்மையில் உள்ளன. பாலமும், வீதியிலிருந்து பிரியும் ஒழுங்கைகளும், கடற்கரையை அடுத்த சல்லி முத்துமாரியம்மன் ஆலயமும் அவ்வூரின் அடையாளங்கள். பகலில் அவ்வழியே செல்வோருக்கு அது மற்றுமொரு கரையோரச் சிற்றூர். கார்த்திகை விளக்கீட்டு மாலையிலோ, ஒழுங்கைகள் தம் வரலாற்றைத் தாமே சொல்லத் தொடங்குகின்றன.

விளக்கீடு என்பது பழஞ்சொல். கோணேசர்மீது பதிகம் பாடிய திருஞானசம்பந்தரே மயிலைப் பூம்பாவைப் பதிகத்திலும் அச்சொல்லை ஆண்டுள்ளார். அவருக்கும் முற்பட்ட அகநானூற்றில், கார்த்திகை மீனும் முழுமதியும் கூடும் இரவில், மூதூர் மக்கள் தெருக்களில் விளக்கேற்றி மாலை தொங்கவிட்டு விழாக் கொள்வதை நக்கீரர் காட்டுகின்றார். ஆகவே, ஆதியிலிருந்தே இது வீட்டுக்குள் அடங்கிய விழா அன்று, தெருவுக்குரிய விழா.

ஈழத்தில் இதனைக் கொண்டாடும் முறை எளியது. படலைக்கு முன்னே வாழைக்குற்றி நட்டு, அதன்மேல் தேங்காய்ப் பாதியையோ மண் சிட்டியையோ வைத்து, எண்ணெய் வார்த்துத் திரி கொளுத்துவர். துணி சுற்றி எண்ணெயில் தோய்த்த பந்தங்களைக் கிணற்றடியிலும் தோட்டத்திலும் நாட்டுவர். கோயில் முன்றிலிற் சொக்கப்பானை எரியும்.

கார்த்திகை, கீழ்க்கரையில் மாரிக்காலம். வாடைக்காற்று வீசும், தூறல் விழும், விளக்கு அணையும். அணைந்ததை மீண்டும் ஏற்ற ஒருவர் படலையடியில் நிற்றல் வேண்டும். மின்விளக்குச் சரங்கள் ஆளில்லா வீட்டிலும் ஒளிரும். எண்ணெய் விளக்கோ, உள்ளே மனிதர் உளர் என்பதற்குச் சான்று. எனவே ஒழுங்கையின் விளக்குகளை எண்ணுவது, குடிகளை எண்ணுவது போன்றது. இருண்ட படலை ஒரு கேள்வியை எழுப்புகின்றது: இவ்வீட்டார் எங்கே?

இக்கரையில் அக்கேள்வி பலமுறை எழுந்ததுண்டு. 1942 ஏப்பிரல் 9ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. விளக்கொளியே பகைவனுக்கு வழிகாட்டும் என்று அஞ்சிய காலம் அது. அப்போரில் மாண்ட பிறநாட்டு வீரர் பலர், உப்புவெளியில், இதே பெருவீதியின் ஓரத்துக் கல்லறைத் தோட்டத்தில் துயில்கின்றனர். பின்னர், 1983 முதல் 2009 வரை நீடித்த உள்நாட்டுப் போரில் மாவட்டத்து மக்கள் பலமுறை இடம்பெயர்ந்தனர். 2004ஆம் ஆண்டுக் கார்த்திகைப் பௌர்ணமி, நவம்பர் 26ஆம் நாள் வந்தது. அதற்கடுத்த பௌர்ணமி நாளாகிய டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை இக்கரையை மோதியது. ஒரு முழுமதிக்கும் மறு முழுமதிக்கும் இடையில் தெரு மாறிவிடலாம் என்பதைக் கரையோர மக்கள் அன்று கண்டனர்.

தெருவை ஒளியால் அலங்கரிக்கும் வழக்கம் ஓரினத்தார்க்கு மட்டும் உரியதன்று. வெசாக் பௌர்ணமியிற் பௌத்தர் தம் வாசல்களில் கடதாசிக் கூடுகளைத் தொங்கவிடுகின்றனர். நத்தார்க் காலத்தில் கிறித்தவர் இல்லங்களில் நட்சத்திர விளக்குகள் ஒளிர்கின்றன. வழிப்போக்கனுக்கும் தம் வாசலின் ஒளியைப் பகிர்ந்தளிப்பதே இவை அனைத்திலும் காணப்படும் பண்பு.

ஊர்களின் பெரிய வரலாறு ஏடுகளில் ஏறிவிடுகின்றது. ஓர் ஒழுங்கையின் வரலாறோ, அங்கு வாழும் முதியோர் நினைவில் மட்டுமே உள்ளது. எந்த வளவில் யார் இருந்தனர், எப்போது போயினர், யார் மீண்டனர் என்பவற்றை அவர்களே அறிவர். விளக்கீட்டு மாலையில் சிறுவரை அழைத்துச் சென்று, படலை படலையாக அவ்விவரங்களைச் சொல்லிக்கொடுத்தல் நன்று. ஆளில்லாத படலை எதிர்ப்படின், அதன் முன்னும் ஒரு சிட்டி வைத்து, அவ்வீட்டார் பெயரைச் சொல்லி ஏற்றலாம். அதற்காகும் செலவு சிறிது எண்ணெயும் ஒரு திரியுமே. அதனால் ஒரு குடியின் பெயர் இன்னுமொரு தலைமுறைக்குத் தெருவில் நிலைக்கும்.