வாடகை ஒன்று, சுமைகள் பல!

(கண்டியில் வாடகைக் குடியிருப்போரிடையே ஆற்றிய உரை)



கண்டியின் ஏரியழகைக் கண்டு களிப்போர் ஆயிரம் ஆயிரம். ஆனால் மகியாவையிலும் கட்டுக்கலையிலும் பேராதனையிலும் கட்டுகஸ்தோட்டையிலும் வாடகை வீட்டில் வாழும் நாமோ, மாதம் பிறந்தால் மலைத்து நிற்கிறோம்!

"வாடகை எவ்வளவு?" என்றுதான் கேட்கிறோம். கேட்க வேண்டியது அது மட்டுமா?

கணக்கிட்டுப் பார்ப்போம். வாடகை 25,000 ரூபாய். ஆறு மாத முற்பணம் 1,50,000. தரகருக்கு ஒரு மாத வாடகை. முதல் மாத வாடகையும் சேர, விளக்கேற்றுமுன் 2,00,000 ரூபாய் கைமாறிவிடுகிறது. அம்முற்பணம் மாதந்தோறும் வாடகையிற் கழியுமா? வெளியேறும் நாளில் திரும்பி வருமா? பத்திரம் பேசாவிடின், பிற்பாடு நாம் பேசிப் பயன் என்ன?

மின்கட்டணத்தைப் பாருங்கள். அலகு கூடக் கூட, ஓரலகின் விலையும் கூடும். மூன்று குடும்பங்களுக்கு ஒரே மானி என்றால், தனித்தனியே கீழ்ப்படியில் நிற்க வேண்டியவர்கள் கூட்டாக மேற்படிக்கு ஏற்றப்படுகின்றனர். தண்ணீர்க் கட்டணம் எவர் பொறுப்பு? மாநகர சபையின் ஆதன வரி எவர் தலையில்? கூரை ஒழுகினால் செலவு எவருடையது?

சட்டம் இல்லையா? 1948 இல் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. 1972 இல் 7 ஆம் இலக்க வாடகைச் சட்டம் வந்தது. 1980 இலும் 2002 இலும் வந்த திருத்தங்களோ பல வீடுகளை அவ்வேலிக்கு வெளியே நிறுத்தின. 1840 ஆம் ஆண்டின் மோசடித் தடைச் சட்டப்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில், இரு சாட்சிகளோடு எழுதப்பட வேண்டும். வெறுந்தாளில் எழுதிய "ஓராண்டு" சட்டத்தின் முன் நில்லாது!

வீட்டுக்காரர் நம் பகைவரல்லர். வாடகையே சோறாக வாழும் முதியவரும் அவர்களுள் உண்டு. தெளிவான பத்திரம் அவருக்கும் காவல், நமக்கும் காவல்.

ஆகவே தோழர்களே! வாடகை வேறு, கட்டணங்கள் வேறு என்று பிரித்தெழுதச் செய்வோம். குடிபுகும் நாளில் மானியின் அளவைக் குறித்து, இருவரும் ஒப்பமிடுவோம். கொடுத்த பணத்துக்கெல்லாம் பற்றுச்சீட்டுப் பெறுவோம். நமக்கு வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதிய பத்திரத்தை, தமிழில் விளக்கக் கேட்டறியாமல் கையொப்பமிடோம்!

தயங்கிக் கேளாதவன் பின்னர் தவித்துக் கேட்பான். முன்னரே கேட்போம், எழுத்தில் பெறுவோம்!