அச்சத்திலும் நீதி தவறாதிருப்போம்

 

1998 பிப்ரவரி 14 அன்று கோவையில் வெடித்த குண்டுகள் 58 உயிர்களைப் பறித்தன. அப்பாவிகளைக் கொல்வது ஹராம். அதற்கு எந்தச் சமாதானமும் இல்லை. குற்றவாளிகளைச் சட்டம் தண்டிக்கத்தான் வேண்டும்.

எனினும், அச்சத்தில் பிறக்கும் சட்டம் எல்லை மீறிவிடுவதுண்டு. 2002 மார்ச்சில் நாடாளுமன்றக் கூட்டுக் கூட்டத்தில் பொடா நிறைவேறியது. அதனை ஆதரித்த கட்சிகளுள் ஒன்றின் தலைவரான வைகோ அவர்களே, திருமங்கலத்தில் விடுதலைப் புலிகளை ஆதரித்துப் பேசியதற்காக அவ்வாண்டு ஜூலையில் அதே சட்டத்தில் கைதாகி, 19 மாதங்கள் சிறையிலிருந்தார். பிறருக்கென்று செய்த விலங்கு நமக்கும் பொருந்திவிடும்.

2004இல் பொடா நீக்கப்பட்டது. அதன் கூறுகள் பல சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டத்தில் இடம்பெற்றன. அதன் 2008ஆம் ஆண்டுத் திருத்தப்படி, குற்றப்பத்திரிகையின்றி 180 நாட்கள்வரை காவலில் வைக்கலாம். ஜாமீன் கிடைப்பதும் அரிது. பின்னர் நிரபராதியென விடுதலையானாலும், இழந்த ஆண்டுகள் மீளுமா?

பகைமையும் நம்மை நீதியிலிருந்து பிறழச் செய்யலாகாது என்பது அல்மாயிதா அத்தியாயத்தின் படிப்பினை. அது ஆட்சியாளருக்கும் நமக்கும் பொதுவானது.

எனவே, வெறுப்பை விதைப்போரிடமிருந்து நம் இளைஞர்களைக் காப்போம். எவரேனும் கைதானால் வதந்தி பரப்பாது வழக்கறிஞரை நாடுவோம். அது அரசமைப்பின் 22ஆம் பிரிவு தந்த உரிமை. தீர்ப்புக்கு முன்பே அவர் குடும்பத்தை ஜமாஅத் ஒதுக்கிவைப்பதும் அநீதியே என்பதை மறவாதீர்கள்.

வல்ல அல்லாஹ் நம் நாட்டில் அமைதியையும் நீதியையும் நிலைக்கச் செய்வானாக! ஆமீன்.