கைவழி வந்த கல்வி: சீனத்தின் துய்னா மருத்துவம்

(கழகத்தின் வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

25 ஆண்டுகளாக நம் மக்களிடையே கல்வி விளக்கை ஏற்றி, அது அணையாமல் காத்துவரும் இக்கழகத்தின் வெள்ளி விழாவில், உடல்நலம் பற்றிப் பேசுமாறு நம்மைப் பணித்துள்ளனர். நாம் எடுத்துக்கொண்ட பொருள், சீன நாட்டின் தொன்மையான கைமுறை மருத்துவமாகிய துய்னா என்பதாகும். நம் வெள்ளி விழாவிற்கும் சீனத்து மருத்துவத்திற்கும் என்ன தொடர்பு என்று சிலர் வினவலாம். மனிதரின் கையில் இருந்த ஓர் அறிவு அரண்மனை ஏறியதும், பின்னர் அங்கிருந்து நீக்கப்பட்டதும், எளிய மக்களின் கைகளிலேயே உயிர்பிழைத்துக் கல்லூரி வாயிலில் மீண்டும் நுழைந்ததும் ஆகிய வரலாறு அதில் அடங்கியுள்ளது. கல்வியை நம்பி எழுந்த மக்கள் அறியவேண்டிய வரலாறு அது.

முதலில் பெயர்ப் பொருளைக் காண்போம். சீன மொழியில் 'துய்' என்றால் தள்ளுதல். 'நா' என்றால் பற்றுதல். இதற்கு முன்பு வழங்கிய பெயர் 'அன்மோ' என்பது. 'அன்' என்பது அழுத்துதலையும், 'மோ' என்பது தடவுதலையும் குறிக்கும். ஆகவே பெயரிலேயே கையின் செயல் அமைந்திருக்கிறது. மருந்தும் கருவியும் இன்றிக் கைவிரலும் உள்ளங்கையும் முழங்கையுமே இங்கு மருத்துவம் செய்கின்றன.

இதன் தொன்மைக்குச் சான்றுகள் பல. கி.மு. முதலிரு நூற்றாண்டுகளில் தொகுக்கப்பட்டதாகக் கருதப்படும் மஞ்சள் பேரரசரின் அகமருத்துவ நூல், அடிக்கடி அஞ்சி நடுங்கியவர்க்கு உண்டாகும் மரத்துப்போதலுக்கு அன்மோவும் மருந்துக் கள்ளும் தீர்வாகும் என்று கூறுகிறது. ஹுனான் மாநிலத்துச் சாங்ஷா நகரில், கி.மு. 168-இல் மூடப்பட்ட மாவாங்துய் கல்லறை ஒன்றை 1973-இல் அகழ்ந்தனர். அதனுள் பட்டுத்துணியில் எழுதிய மருத்துவ ஏடுகளும், உடற்பயிற்சி செய்யும் 44 மனித உருவங்களைத் தீட்டிய பட்டு ஓவியமும் கிடைத்தன. அவ்வேடுகளுள் ஒன்று 52 நோய்களுக்கு உரிய முறைகளைக் கூறுவது. தேய்த்தலும் அழுத்தலும் அதில் இடம்பெற்றுள்ளன.

தாங் பேரரசின் காலத்தில், அதாவது கி.பி. 618 முதல் 907 வரை, அரசின் மருத்துவக் கழகத்தில் நான்கு துறைகள் இருந்தன. அவற்றுள் ஒன்று அன்மோத் துறை. அதில் பேராசிரியர், ஆசான், பணியாளர், மாணவர் எனப் படிநிலைகள் அமைந்திருந்தன. பேராசிரியரின் பதவி அரசுப் பதவித் தரங்களுள் கீழ்த்தரத்தில் இருந்ததே எனினும், பிறர் உடலைத் தொட்டு நோய் நீக்குவோர் ஆசிரியர் என்னும் பெயரோடு அரசவையில் இடம்பெற்றனர் என்பது சிறிய செய்தியன்று.

ஆயினும் அவ்விடம் நிலைக்கவில்லை. மிங் பேரரசின் காலத்தில், 1571-இல், அரச மருத்துவக் கழகத்தின் 13 துறைகள் 11 ஆகக் குறைக்கப்பட்டபோது அன்மோத் துறை நீக்கப்பட்டது. அரண்மனை கைவிட்ட அறிவை மக்கள் கைவிடவில்லை. குழந்தைகளுக்கான கைமுறை மருத்துவம் அக்காலத்திலேதான் செழித்து வளர்ந்தது. துய்னா என்னும் பெயரும் மிங் காலத்திலேயே வழக்கிற்கு வந்தது. 1601-இல் வெளிவந்த யாங் ஜிசோவின் புகழ்பெற்ற ஊசிமருத்துவ நூலின் இறுதிப் பகுதியில் குழந்தைகளுக்கான அன்மோ நூல் ஒன்று சேர்க்கப்பட்டது. 1742-இல் சிங் பேரரசரின் ஆணைப்படி தொகுக்கப்பட்ட மருத்துவக் களஞ்சியம், எலும்பு முறிவிற்கான எட்டுக் கைமுறைகளுள் தள்ளுதலையும் பற்றுதலையும் சேர்த்துக் கூறிற்று. ஆனால் இவ்வறிவின் பெரும்பகுதி ஆசானிடமிருந்து மாணாக்கனுக்கு வாய்வழியாகவும் கைவழியாகவுமே சென்றது. ஆசான் மறைந்தால் அறிவும் மறையும் என்னும் நிலை இருந்தது.

1929-இல் அன்றைய சீன அரசின் சுகாதாரக் குழு, பழைய மருத்துவம் முழுவதையுமே ஒழிக்கத் தீர்மானித்தது. மருத்துவர்களும் மக்களும் திரண்டு எதிர்த்தமையால் அத்தீர்மானம் நடைமுறைக்கு வரவில்லை. பின்னர் 1956-இல் ஷாங்காய் நகரில் துய்னாப் பயிற்சி வகுப்பு தொடங்கப்பெற்றது. 1958-இல் அது முறையான பள்ளியாக வளர்ந்தது. அதன் தலைவராக விளங்கியவர் சூ சுன்திங் என்னும் ஆசான். தனித்தனி இல்லங்களில் தத்தம் மாணாக்கர்க்கு மட்டும் கற்பித்துவந்த ஆசான்கள் ஒரே கூரையின் கீழ் வந்தனர். கையால் அறிந்ததை ஏட்டில் எழுதினர், பாடத்திட்டம் வகுத்தனர், தேர்வு நடத்தினர். இன்று சீனப் பல்கலைக்கழகங்களில் துய்னா பட்டப்படிப்பாகவும் மேற்படிப்பாகவும் விளங்குகிறது. உலகச் சுகாதார நிறுவனம் 2010-இல் துய்னாப் பயிற்சிக்கான அளவுகோல்களைத் தனி நூலாகவே வெளியிட்டது.

இனி, கற்பிக்கும் முறையைக் கூறுவோம். மாணவர் நோயாளியின் உடல்மீது எடுத்தவுடன் கை வைப்பதில்லை. அரிசி நிரப்பிய சிறு துணிப்பையின்மீது பல மாதம் பயிற்சி செய்கின்றனர். கட்டைவிரல் நுனியை ஊன்றி மணிக்கட்டை ஊசலாட்டும் 'ஒருவிரல் முறை'யும், புறங்கையை உருட்டும் 'உருட்டு முறை'யும் நிமிடத்திற்கு 120 முதல் 160 தடவை வரை, சற்றும் பிசகாமல் செய்யத்தக்கவை. உருட்டு முறையை உருவாக்கியவர் திங் ஜிஃபெங் என்னும் ஆசான். நல்ல கைக்கு நான்கு இலக்கணங்கள் கூறுவர்: நீடித்தல், வலிமை, சீர்மை, மென்மை. இந்நான்கும் கூடினால்தான் விசை உள்ளே ஊடுருவும் என்பது அவர்தம் கொள்கை. முரட்டு வலிமை கைத்திறன் ஆகாது.

இதன் பயன்கள் யாவை? கழுத்துப் பிடிப்பு, தோள்மூட்டு இறுக்கம், இடுப்பு வலி, தலைவலி, தசைக் களைப்பு ஆகியவற்றிற்கே பெரியவரிடம் இது மிகுதியும் பயன்படுகிறது. குழந்தைகளுக்குச் செரியாமை, மலச்சிக்கல், பசியின்மை முதலியவற்றிற்குச் செய்வர். குழந்தையின் முதுகுத்தோலை வால் எலும்பிலிருந்து மேல்நோக்கி மெல்லக் கிள்ளி உருட்டிச் செல்லும் முறை ஒன்று உண்டு. நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த கே ஹோங் என்பாரின் நூலிலேயே முதுகுத்தோலைக் கிள்ளும் முறை கூறப்பட்டுள்ளது.

இம்முறை பயனளிப்பது எவ்வாறு? உடலில் 'சீ' என்னும் உயிராற்றல் நாளங்கள் வழியே ஓடுவதாகவும், அது தடைப்படின் வலி தோன்றுவதாகவும் சீனர் கூறினர். உடற்கூறு ஆய்வில் அத்தகைய நாளங்கள் கண்டறியப்படவில்லை. ஆயினும் இறுகிய தசை தளர்வதையும், வலியுணர்வு தணிவதையும், மனம் அமைதியுறுவதையும் இன்றைய மருத்துவம் மறுப்பதில்லை. அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2017-இல் வெளியிட்ட நெறிமுறை, அண்மையில் தோன்றிய இடுப்பு வலிக்கு முதலில் மேற்கொள்ளத்தக்க முறைகளுள் உடல்பிடித்தலையும் சேர்த்தது. அதற்கான சான்று வலுக்குறைந்தது என்பதையும் அந்நெறிமுறையே கூறிற்று. உள்ள பயனை உள்ளவாறே கொள்ளுதல் கற்றோர்க்கு அழகு.

அதனினும் இன்றியமையாதன எச்சரிக்கைகள். எலும்பு முறிவு, தொற்றுக் காய்ச்சல், தோற்புண், எலும்பு மெலிவு, காலில் இரத்தக்கட்டு, புற்றுக்கட்டி உள்ள இடம், கருவுற்ற தாயின் வயிறு ஆகியவற்றில் அழுத்துதல் கூடாது. கழுத்தை வெடுக்கெனத் திருப்பிச் சொடுக்கெடுப்பது மூளைக்குச் செல்லும் குருதிக்குழாயைக் கிழித்துப் பக்கவாதம் விளைவிக்கவும் கூடும். இடுப்பு வலியோடு கால் மரத்துப்போயினும், சிறுநீர் அடக்க இயலாமற்போயினும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். நீரிழிவிற்கும் குருதிக்கொதிப்பிற்கும் உண்ணும் மருந்தை எந்தக் கைமுறையை நம்பியும் நிறுத்தலாகாது. நாள் முழுதும் குனிந்து உழைத்து வந்தோரின் பிடரித் தசையைக் கட்டைவிரலாலும் மற்ற விரல்களாலும் மென்மையாகப் பற்றித் தூக்கி விடுவது போன்ற எளிய உதவியே வீட்டில் நாம் செய்யத்தக்கது.

இளைஞர்களே, இன்னொரு செய்தி. சீனத்தில் பார்வையற்றோர் பலர் இக்கலையைக் கற்றுத் தம் உழைப்பால் வாழ்கின்றனர். அவர்தம் வாழ்வைப் பற்றி 'துய்னா' என்னும் பெயரிலேயே பி ஃபெய்யூ 2008-இல் எழுதிய நாவல், 2011-இல் அந்நாட்டின் மாவ் துன் இலக்கியப் பரிசு பெற்றது. தென்கொரியாவிலோ இதற்கு நெருங்கிய உறவுடைய அன்மாத் தொழிலின் உரிமமே பார்வையற்றோர்க்கு ஒதுக்கப்பட்டது. அவ்வொதுக்கீட்டை அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் 2006-இல் செல்லாதென்றது. பார்வையற்றோர் வீதியில் இறங்கிப் போராடினர். அவ்வாண்டே நாடாளுமன்றம் புதிய சட்டம் இயற்றிற்று. 2008-இல் நீதிமன்றம் அச்சட்டத்தை ஏற்றுக்கொண்டது. ஒதுக்கீட்டுரிமையின் அருமையை நமக்கு எவரும் விளக்க வேண்டுவதில்லை.

தொடுதலையே குற்றமாக்கிய நாட்டில் பிறந்தவர்கள் நாம். 1950 சனவரி 26-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 17-ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. மனத்தினின்று அது ஒழியும் பணி இன்னும் முடியவில்லை. நம் தெருக்களிலும் பிள்ளைப்பேறு பார்த்த பாட்டிமார் இருந்தனர். சுளுக்கு வழித்த கைகள் இருந்தன. அவ்வறிவுக்கு எவரும் பள்ளி அமைக்கவில்லை. அதனை எழுதிவைக்க நம்மவர்க்கு எழுத்தும் தரப்படவில்லை. ஆதலால் அவர்களோடு அதுவும் மண்ணுள் மறைந்தது.

பாட்டன் தொழிலைப் பேரன் செய்ய வேண்டும் என்று நாம் கூறவில்லை. பிறப்பால் சுமத்தப்படும் தொழில் விலங்கு. விரும்பிக் கற்றுத் தேர்ந்து சான்றிதழோடு செய்யும் தொழில் உரிமை. இயன்முறை மருத்துவம், செவிலியர் படிப்பு, சித்த மருத்துவம் என நோயுற்றோரைத் தொட்டு நலமாக்கும் கல்வி பல இன்று அரசுக் கல்லூரிகளில் உள்ளன. அவற்றை நாடிச் செல்லுங்கள். வீட்டிற்குத் திரும்பியதும் முதியோரிடம் அமர்ந்து அவர்தம் கையறிவைக் கேட்டுக் குறிப்பேட்டில் எழுதுங்கள். எழுதியதை அறிவியலால் சோதியுங்கள். தேறுவதைக் கொள்ளுங்கள், தேறாததை விடுங்கள். அக்குறிப்பேடுகளைப் பேணிக்காக்க நம் கழக நூலகத்தில் ஒரு பேழை ஒதுக்குமாறு பொறுப்பாளர்களை வேண்டிக்கொள்கிறோம்.

நம் கழகம் பொன்விழாக் காணும் நாளில், நம் பிள்ளைகள் நோய் தீர்க்கும் கையினராய் இம்மேடையில் வீற்றிருக்க வேண்டும் என வாழ்த்தி விடைபெறுகிறோம்.