யாருடைய சைக்கிள் சட்டவிரோதம்?

(மாணவர் படிப்பு வட்டக் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



நியூயார்க் நகரத்தில் வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிறவர்களின் பேட்டரி சைக்கிளைப் பற்றிப் பேசப்போறேன். இதுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்னு சிலருக்குத் தோணலாம். பொதுச்சாலை யாருக்குப் பொது என்கிற கேள்வி நமக்குப் புதுசில்லை. 1893இல் அய்யன்காளி வில்வண்டியில் ஏறி உட்கார்ந்தது அந்தக் கேள்வியைக் கேட்கத்தான்.

முதல்ல சட்டம். பெடல் இருக்கணும், மோட்டார் 750 வாட்டுக்குக் குறைவா இருக்கணும், மோட்டாரில் மட்டும் மணிக்கு 20 மைல் வேகத்தைத் தொடக்கூடாது. இப்படிப்பட்ட வண்டி விற்பனைச் சரக்கு என்ற அளவில் சைக்கிள்தான் என்கிறது அமெரிக்க மத்தியச் சட்டம் (2002). அதே வண்டி நியூயார்க் மாநிலத்துச் சாலையில் இறங்கினா மோட்டார் வாகனம். சரி, பதிவு பண்ணிக்கிறோம்னு போனா, இந்த மாதிரி வண்டியைப் பதிவு செய்ய முடியாதுன்னாங்க. வாங்கலாம், வீட்டில் வெச்சிக்கலாம், ஓட்டக்கூடாது. ஓட்டினா 500 டாலர் அபராதம், வண்டி பறிமுதல்.

2020 வரை இதுதான் நிலைமை. இதைச் சட்டத்தின் ஓட்டை என்று சொன்னாங்க. எனக்கு அப்படித் தோணலை. வண்டி சட்டவிரோதமாக இருக்கும்வரை அதை ஓட்டுகிறவன் தினமும் குற்றவாளி. போலீசைக் கண்டு பயப்படுகிறவன் கூலிக்காக முதலாளியிடம் வாய் திறக்க மாட்டான். சிலருக்கு ரொம்ப வசதியான ஓட்டைதான்!

ஓட்டினது யார்? சீனாவிலிருந்தும் மெக்சிகோ, குவாதமாலாவிலிருந்தும் பிழைக்க வந்தவர்கள். பலரிடம் குடியேற்ற ஆவணம் கிடையாது. சீனத் தொழிலாளிகளில் நாற்பது, ஐம்பது வயதைக் கடந்தவர்கள் நிறைய. பனியிலும் மழையிலும் பகல் முழுக்க மிதிக்க உடம்பு இடம் கொடுக்காததால் மோட்டாருக்கு வந்தவங்க.

2017 அக்டோபரில் மேயர் பில் டி பிளாசியோ கெடுபிடியை அறிவித்தார். 2018 ஜனவரியிலிருந்து உணவகங்களைத்தான் பிடிக்கப்போகிறோம் என்றார். உணவகத்துக்கு முதல் தடவை 100 டாலர், அடுத்தடுத்து 200. ஓட்டுகிறவனுக்கோ அதே 500. அறிவிப்புக்கு அப்புறமும் தெருவில் மாட்டினது தொழிலாளிதான்.

இன்னொரு வேடிக்கை. அதே 2018இல், பெடல் மிதிச்சா மட்டும் மோட்டார் உதவுகிற சைக்கிளை நகர நிர்வாகம் சட்டபூர்வமாக்கியது. ஆகஸ்டில் சிட்டி பைக் வாடகை நிறுவனம் அந்த வகை வண்டிகளைத் தெருவில் இறக்கியது. ஆபீசுக்குப் போகிறவர் வாடகைக்கு எடுத்தா நவீனப் போக்குவரத்து. சாப்பாட்டுப் பை தொங்குகிற ஆக்ஸிலேட்டர் வண்டி பொதுமக்களுக்கு ஆபத்து. பொதுப்புத்தி இப்படித்தான் உருவாகுது.

2019இல் மாநிலச் சட்டமன்றம் அனுமதி மசோதாவை நிறைவேற்றியது. டிசம்பரில் ஆளுநர் ஆண்ட்ரூ குவோமோ அதை ரத்து செய்தார். மூணே மாசம். 2020 மார்ச்சில் கொரோனா வந்து உணவகத்தில் உட்கார்ந்து சாப்பிடுவது நின்றதும், நகரம் இந்த வண்டிகளைப் பிடிப்பதை நிறுத்தி வைத்தது. ஏப்ரலில் மாநில பட்ஜெட்டோடு சேர்த்து அனுமதி. வண்டி மாறலை, வேகம் மாறலை. வீட்டுக்குள் இருந்தவர்களுக்குப் பசிச்சது.

இந்த வண்டிகளால் ஆபத்தே இல்லைன்னு நான் சொல்லலை. நடந்துபோகிறவர்கள் அடிபட்டிருக்காங்க, செத்தும் இருக்காங்க. 2023இல் மட்டும் நியூயார்க்கில் லித்தியம் பேட்டரிகளால் 268 தீவிபத்துகள், 18 சாவுகள். நெருக்கமான குடியிருப்புகளில் மலிவு பேட்டரியை இரவெல்லாம் சார்ஜ் போட்டால் முதலில் சாவது அங்கே தூங்குகிற ஏழைதான். 2023 செப்டம்பரில், பாதுகாப்புத் தரச் சான்று இல்லாத பேட்டரியை விற்கக் கூடாதுன்னு சட்டம் வந்தது. விற்கிறவன் மேல் கைவைத்த சட்டம் என்பதால் அதை ஆதரிக்கணும்.

ஆனா 2025 ஏப்ரல் கடைசியில் பழைய புத்தி திரும்பியது. சிவப்பு விளக்கைத் தாண்டின சைக்கிள்காரனுக்குக் குற்றவியல் நீதிமன்றச் சம்மன். அதே விளக்கைத் தாண்டின கார்க்காரருக்குச் சாதாரண அபராதச் சீட்டு. ஆவணமில்லாதவன் அந்த நீதிமன்ற வாசலில் காலெடுத்து வைப்பானா? அக்டோபரில் பேட்டரி சைக்கிளுக்கு 15 மைல் வேக வரம்பும் வந்தது. பக்கத்தில் போகிற காருக்குப் பொதுவா 25.

வேகத்தைத் தீர்மானிப்பது யார்? செல்போனில் ஆர்டர் அனுப்பி, நிமிஷம் எண்ணுகிற கம்பெனி. 2020இல் திரண்ட ‘லாஸ் டெலிவரிஸ்தாஸ் யுனிதோஸ்’ தொழிலாளர்கள் அங்கேதான் கைவைத்தாங்க. ஆர்டர் எண்ணிக்கைக்கு அல்ல, நேரத்துக்குக் கூலி கேட்டாங்க. கம்பெனிகள் கோர்ட்டுக்குப் போய்த் தடுத்துப் பார்த்தும், 2023 டிசம்பரில் மணிக்கு 17.96 டாலர் குறைந்தபட்சக் கூலி நடைமுறைக்கு வந்தது. 2025 ஏப்ரலில் அது 21.44 டாலர் ஆனது.